சின்ன ஆர்சி விமானத்துக்கு எந்த ரிசீவர்? கொழும்பில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சில பத்து கிராமில் இருந்து ஏறத்தாழ ஒரு கிலோ வரை எடையுள்ள, மின்மோட்டாரில் பறக்கும் விமானங்களுக்கானது இந்தப் பக்கம். ரெஜிஃபோமை வெட்டி வீட்டிலேயே செய்ததாக இருந்தாலும் சரி, பெட்டியோடு வாங்கியதாக இருந்தாலும் சரி, ரிசீவர் (ரிமோட்டின் கட்டளைகளை விமானத்துக்குள் வாங்கும் கருவி) விஷயத்தில் கேட்கப்படும் கேள்விகள் ஒன்றுதான். ரேஞ்ச் (சிக்னல் எட்டும் தூரம்) எவ்வளவு, சானல் (தனித்தனியே அனுப்பக்கூடிய கட்டளை) எத்தனை என்றுதான் அநேகமானோர் முதலில் கேட்கிறார்கள். சின்ன விமானங்கள் விழுவது பெரும்பாலும் அந்த இரண்டாலும் அல்ல. பொருந்தாத ரிசீவர், போதாத கரண்ட், தவறாக வைத்த அன்டெனா, செட் பண்ணாத ஃபெயில்சேஃப் (இணைப்பு அறுந்தால் என்ன செய்வது என்ற முன்னேற்பாடு) ஆகிய நான்கில் ஒன்றுதான் காரணமாக இருக்கும். அதனால் இங்கே அவற்றுக்குத்தான் கூடுதல் இடம்.

ரிசீவர் வாங்கக் கடைக்குப் போகிறேன். முதலில் எதைப் பார்க்க வேண்டும்?

உங்கள் ரிமோட்டைப் பாருங்கள். இன்று விற்கும் ரிமோட்டுகளில் பெரும்பாலானவை 2.4 கிகாஹெர்ட்ஸ்தான். ஆனால் அலைவரிசை ஒன்றாக இருப்பதால் மட்டும் இரண்டும் ஒன்றோடொன்று கதைத்துவிடாது. ஒவ்வொரு கம்பனிக்கும் தனி புரோட்டோகால், அதாவது கதைக்கும் முறை, இருக்கிறது. ஃப்ளைஸ்கைக்கு ஏஎஃப்எச்டிஎஸ், அதன் பிறகு வந்த ஏஎஃப்எச்டிஎஸ் 2ஏ. ஸ்பெக்ட்ரமுக்கு டிஎஸ்எம்2, டிஎஸ்எம்எக்ஸ். ஃபியூட்டாபாவுக்கு எஸ்-எஃப்எச்எஸ்எஸ், ஃபாஸ்ட். எஃப்ஆர்ஸ்கைக்கு டி8, டி16, ஆக்சஸ். ஒரே கம்பனிக்குள்ளேயே பழையதும் புதியதும் சேராமல் போவதுண்டு. எஃப்ஆர்ஸ்கை டி16இல் முதலாம் பதிப்பு மென்பொருள் உள்ள ரிசீவர் இரண்டாம் பதிப்பு ரிமோட்டோடு பைண்ட் ஆகாது, அதாவது ஜோடி சேராது.

ஆகவே கடைக்குப் போகும்போது ரிமோட்டையும் பற்றரியையும் கையோடு கொண்டுபோங்கள். கவுன்டரில் வைத்தே பைண்ட் செய்து, ஒரு சர்வோவை (விமானத்தின் அசையும் பாகங்களைத் திருப்பும் குட்டி மோட்டார்) செருகி ஆட்டிப் பார்த்துவிட்டுக் காசைக் கொடுங்கள். இரண்டு நிமிட வேலை. நல்ல கடைக்காரர் யாரும் முகம் சுளிக்கமாட்டார்.

இன்னும் ரிமோட்டே வாங்கவில்லை. எதில் தொடங்கலாம்?

இரண்டு வழி இருக்கிறது. ஃப்ளைஸ்கை எஃப்எஸ்-ஐ6 மாதிரி விலை குறைந்த ஆறு சானல் செட் முதலாவது. ரிசீவரோடு சேர்ந்தே வரும், ஸ்பெயர் ரிசீவரும் சுலபமாகக் கிடைக்கும். மற்றது எக்ஸ்பிரஸ்எல்ஆர்எஸ். இது யாரும் பாவிக்கக்கூடிய திறந்த மூல முறை. லோரா நுட்பத்தில் இயங்குவதால் மெல்லிய சிக்னலையும் பிடித்துவிடும். ரேடியோமாஸ்டர் பாக்கெட் போன்ற சின்ன ரிமோட்டுகளில் உள்ளேயே கட்டப்பட்டு வருகிறது. வாங்கும்போது எந்த வகை என்று கேட்டு வாங்குங்கள், ஏனென்றால் அதே பாக்கெட் பழைய புரோட்டோகால்களுக்கான சிசி2500 சிப்புடனும் விற்கிறது.

இன்று புதிதாகத் தொடங்குபவருக்கு என் தெரிவு எக்ஸ்பிரஸ்எல்ஆர்எஸ்தான். ரிசீவர் பல கம்பனிகளில் கிடைக்கிறது, விமானத்தின் தகவல்களை ரிமோட்டுக்குத் திருப்பி அனுப்பும் டெலிமெட்ரி சும்மாவே வருகிறது, நாளைக்கு ட்ரோன் பக்கம் போனாலும் அதே ரிமோட் உதவும். ஆனால் உங்களுக்குப் பறக்கக் கற்றுத்தரப் போகும் அண்ணன் ஃப்ளைஸ்கை வைத்திருக்கிறார் என்றால் கண்ணை மூடிக்கொண்டு ஃப்ளைஸ்கை வாங்குங்கள். பக்கத்தில் நின்று சொல்லித்தர ஒருவர் இருப்பது எந்த நுட்பத்தையும்விடப் பெரிய விஷயம்.

எக்ஸ்பிரஸ்எல்ஆர்எஸ் வாங்கினால் கவனிக்க வேண்டியது என்ன?

முதலாவது, ரிமோட்டிலும் ரிசீவரிலும் மென்பொருளின் முதன்மைப் பதிப்பு எண் ஒன்றாக இருக்க வேண்டும். 2இல் உள்ள ரிசீவர் 3இல் உள்ள ரிமோட்டோடு சேராது. அப்டேட் செய்தால் சரியாகிவிடும், ரிசீவர் பழுது என்று திருப்பிக் கொடுக்கத் தேவையில்லை.

இரண்டாவது, ஐந்தாவது சானல். வழமையான மோட்களில் அது ஆன், ஆஃப் என்று இரண்டே நிலைதான் அனுப்பும், மோட்டாரை ஓட அனுமதிக்கும் ஆர்ம் சுவிட்சுக்கென்று ஒதுக்கியது. இதைக் கவனிக்காமல் இரண்டாவது எலரான் (விமானத்தைச் சாய்க்க இறக்கையின் பின்விளிம்பில் உள்ள தட்டு) சர்வோவை அதில் செருகினால் சர்வோ ஒரு மூலையில் இருந்து மறு மூலைக்குப் பாயும், நடுவில் நிற்காது. சுவிட்ச் மோடை ‘வைட்’ என்று வைத்து ஆறாவது சானலில் செருகிவிட்டு, ரிமோட்டின் மிக்ஸிலும் (எந்த ஸ்டிக் எந்த சானலுக்கு என்ற அமைப்பு) அப்படியே மாற்றிக்கொள்ளுங்கள்.

மூன்றாவது, பாக்கெட் ரேட், அதாவது ரிமோட் செக்கனுக்கு எத்தனை தடவை கட்டளை அனுப்புகிறது என்பது. 500 ஹெர்ட்ஸ் என்று பெரிதாக எழுதியிருப்பதைப் பார்த்து அதையே தெரிவு செய்கிறார்கள். சாதாரண சர்வோ செக்கனுக்கு 50 தடவைதான் கட்டளை வாங்குகிறது, மிச்சம் வீண். மாறாக ரேட் குறையக் குறைய ரிசீவரின் கூர்மை கூடும். 2.4 கிகாஹெர்ட்ஸில் 500 ஹெர்ட்ஸுக்கு மைனஸ் 105 டிபிஎம் (சிக்னல் சக்தியின் அளவு, கீழே போகப் போக மெல்லிய சிக்னலும் பிடிபடும்) என்றால் 50 ஹெர்ட்ஸுக்கு மைனஸ் 115. அந்தப் பத்து டெசிபல் திறந்த வெளியில் ஏறத்தாழ மூன்று மடங்கு தூரம். சின்ன விமானத்துக்கு 150 ஹெர்ட்ஸ் நல்ல நடுவழி.

இன்னொரு பழக்கம்: ரிமோட்டை முதலில் ஆன் செய்யுங்கள், பிறகு விமானத்தின் பற்றரியைச் செருகுங்கள். ரிமோட் கிடைக்காமல் ஒரு நிமிடம் போனால் இந்த ரிசீவர்கள் தாமாகவே வைஃபை மோடுக்குப் போய்விடும். அதன் பிறகு ரிமோட்டை ஆன் செய்தாலும் பதில் வராது.

எத்தனை சானல் தேவை?

மோட்டார் வேகத்துக்கு த்ரொட்டில், சாய்க்க எலரான், மூக்கை ஏற்றி இறக்க எலிவேட்டர், மூக்கைப் பக்கவாட்டில் திருப்ப ரடர் என்று நான்கு. ஆறு இருந்தால் எலரான்களைத் தனித்தனியாகச் செட் பண்ணலாம், ஃப்ளாப் சேர்க்கலாம். சின்ன விமானத்துக்கு அதற்கு மேல் காசு செலவழிக்க வேண்டாம்.

சானல் வரிசை மட்டும் கவனம். ஃப்ளைஸ்கை, ஃபியூட்டாபா, எஃப்ஆர்ஸ்கையில் முதல் சானல் எலரான், மூன்றாவது த்ரொட்டில். ஸ்பெக்ட்ரமில் முதல் சானலே த்ரொட்டில். கம்பனி மாறினால் ப்ரொபெல்லரைக் கழற்றி வைத்துவிட்டுத்தான் முதல் தடவை பற்றரியைச் செருக வேண்டும். எலரான் ஸ்டிக் நடுவில் இருக்கும்போது மோட்டார் பாதி வேகத்தில் சுற்றத் தொடங்கினால் விரல் போகும்.

பெட்டியில் ஒரு கிலோமீற்றர் என்று போட்டிருக்கிறது. நம்பலாமா?

திறந்த வெளியில், இரண்டு அன்டெனாவும் ஒன்றையொன்று பார்த்தபடி இருந்தால் வரலாம். ஆனால் 80 சென்ரிமீற்றர் இறக்கை உள்ள விமானம் 250, 300 மீற்றர் போனாலே எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது என்று கண்ணுக்குப் பிடிபடாது. கண்ணால் பார்த்துப் பறக்கும் வரைக்கும் உங்கள் எல்லை கண்தான். ‘பார்க் ஃப்ளையர்’ என்று விற்கும் குறைந்த தூர ரிசீவர்களை மட்டும் ஒரு முழ நீள இறக்கைக்கு மேற்பட்ட எதிலும் வைக்காதீர்கள்.

தூரத்தை இரட்டிப்பாக்க ரிமோட்டின் சக்தி நான்கு மடங்காக வேண்டும். 25 மில்லிவாட் போதாத இடத்தில் 50 வைத்தால் பெரிய மாற்றம் தெரியாது. அன்டெனாவைச் சரியாக வைத்தால் தெரியும்.

வெள்ளவத்தை, பம்பலப்பிட்டி ஃப்ளாட் பக்கமெல்லாம் வைஃபை நிறைந்து கிடக்கிறது. 2.4 கிகாஹெர்ட்ஸ் தாக்குப்பிடிக்குமா?

இன்றைய புரோட்டோகால்கள் ஒரே இடத்தில் நிற்பதில்லை, 2,400 முதல் 2,483.5 மெகாஹெர்ட்ஸ் வரையான பட்டையில் தாவிக்கொண்டே இருக்கும். வைஃபை ஒரு சானலில் 20 மெகாஹெர்ட்ஸ் அளவைப் பிடித்துக்கொண்டாலும் மிச்ச இடத்தில் கட்டளை போய்ச் சேரும். பழைய, மலிவான பொம்மை விமானங்களில் இந்தத் தாவல் குறைவு, அவைதான் முதலில் திணறும்.

ஒரு விஷயம் பலருக்குத் தெரிவதில்லை. தரையில் சுவர்களும் மரங்களும் உங்களுக்கும் அயல்வீட்டு ரவுட்டருக்கும் நடுவே மறைப்பாக நிற்கின்றன. விமானம் மேலே ஏறியதும் அந்த மறைப்பு போய்விடுகிறது, சுற்றிலும் உள்ள அத்தனை ரவுட்டரும் ரிசீவருக்கு ஒரே நேரத்தில் கேட்கும். ஆகவே மொட்டை மாடியில் நின்று ‘தெருமுனை வரைக்கும் எடுக்குது’ என்று பார்த்த ரேஞ்ச் டெஸ்ட்டை நம்பி நகருக்குள் பறக்கவிடாதீர்கள். ஆட்கள் நடமாடும் இடத்தில், வீட்டுக் கூரைகளுக்கு மேலே பறக்கவே கூடாது என்பது வேறு.

அப்படியானால் 900 மெகாஹெர்ட்ஸ் செட் வாங்கலாமா? இன்னும் தூரம் போகுமாமே.

வேண்டாம். அந்த செட்டுகளில் பல 902 முதல் 928 வரை தாவுபவை, அமெரிக்கச் சட்டத்துக்கேற்பச் செய்தவை. இங்கே கைத்தொலைபேசிகள் கோபுரத்துக்குப் பேசும் ஜிஎஸ்எம் 900 பட்டை 890இல் இருந்து 915 வரை. இரண்டும் ஒன்றன்மேல் ஒன்று விழுகிறது. உங்கள் ரிமோட் அடுத்தவர் போனைக் குழப்பும், அடுத்தவர் போன் உங்கள் விமானத்தைக் குழப்பும். கண்ணெட்டும் தூரத்தில் பறக்கும் சின்ன விமானத்துக்கு அது தேவையும் இல்லை.

பறந்துகொண்டிருக்கும்போது ஒரு செக்கன் கட்டுப்பாடு போய் வருகிறது. ரிசீவரை மாற்ற வேண்டுமா?

காசு செலவழிக்கும் முன் கரண்டைப் பாருங்கள். ‘சிக்னல் போச்சு’ என்று கொண்டுவரப்படுபவற்றில் ஏராளமானவை பிரவுன்அவுட், அதாவது ரிசீவருக்குப் போகும் வோல்ட் கண நேரம் விழுந்து அது திரும்பத் தொடங்குவது.

எப்படி நடக்கிறது என்று பார்ப்போம். சின்ன விமானத்தில் தனி ரிசீவர் பற்றரி கிடையாது. மோட்டாரை ஓட்டும் இஎஸ்சிக்குள் உள்ள பெக் என்ற பகுதிதான் பற்றரியின் வோல்ட்டை 5க்கு இறக்கி ரிசீவருக்கும் சர்வோக்களுக்கும் கொடுக்கிறது. மலிவான இஎஸ்சிகளில் அது லீனியர் வகை, மேலதிக வோல்ட்டைச் சூடாக்கித்தான் கழிக்கும். முழுதாகச் சார்ஜ் செய்த மூன்று செல் லைப்போ 12.6 வோல்ட். அதில் 5 போக 7.6 வோல்ட். சர்வோக்கள் ஒரு அம்பியர் இழுத்தால் அந்தக் கட்டைவிரல் அளவு சர்க்கிட்டில் 7.6 வாட் சூடு. இரண்டு செல்லில் அதே வேலைக்கு 3.4 வாட்தான். ஒன்பது கிராம் சர்வோ ஒன்று இறுகி நின்றுவிட்டால் கிட்டத்தட்ட முக்கால் அம்பியர் இழுக்கும். நான்கு சர்வோவும் ஒரே நேரத்தில் உழைக்கும் அந்த லூப்பின் (செங்குத்தாகப் போடும் வட்டத்தின்) அடியில்தான் பெக் கைவிடும். கொழும்பு வெயிலில், காற்றோட்டமில்லாத ஃபோம் வயிற்றுக்குள், இன்னும் சீக்கிரம்.

சோதிப்பது சுலபம். ப்ரொபெல்லரைக் கழற்றுங்கள். டெலிமெட்ரியில் ரிசீவர் வோல்ட்டைத் திரையில் வைத்துக்கொண்டு, இரண்டு ஸ்டிக்கையும் ஒரு நிமிடம் வேகமாகச் சுழற்றுங்கள். 5 வோல்ட் 4.8க்குப் போய் வந்தால் பரவாயில்லை. 4.5க்குக் கீழே இறங்கினால் அந்த பெக்கோடு பறக்காதீர்கள். டெலிமெட்ரி இல்லாவிட்டால் காலியான சானலில் மல்டிமீட்டர் வைத்துப் பார்க்கலாம், ஆனால் மீட்டர் மெதுவானது, கண நேர இறக்கத்தைத் தவறவிடும்.

பரிகாரம்: ஸ்விட்ச்சிங் பெக் உள்ள இஎஸ்சி, அல்லது 3 அம்பியர் தனி பெக். தனி பெக் போட்டால் இஎஸ்சியில் இருந்து ரிசீவருக்கு வரும் வயரின் சிவப்புக் கம்பியைக் கழற்றி டேப் சுற்றிவிடுங்கள், இரண்டு பெக்கும் ஒன்றோடொன்று மோதக் கூடாது. காலியான சானலில் 1,000 மைக்ரோஃபாரட், 10 வோல்ட் கப்பாசிட்டர் ஒன்றைச் செருகுவதும் கண நேர இறக்கத்தைத் தாங்க உதவும். பிளஸ், மைனஸ் மாறினால் வெடிக்கும், இரண்டு தடவை பாருங்கள். இறுக்கமான ஹிஞ்சையும் (தட்டு மடங்கும் கீல்) வளைந்த புஷ்ராடையும் (சர்வோவைத் தட்டோடு இணைக்கும் கம்பி) முதலில் சரிசெய்தால் இதில் பாதி தேவைப்படாமலே போகலாம்.

அன்டெனாவை எப்படி வைப்பது?

ரிசீவரில் இருந்து வரும் மெல்லிய வயரின் நுனியைப் பாருங்கள். கடைசி 31 மில்லிமீற்றர் மட்டும் மேலுறை உரிந்து இன்னும் மெல்லியதாக இருக்கும். அதுதான் அன்டெனா. 2.4 கிகாஹெர்ட்ஸின் அலைநீளம் 12.5 சென்ரிமீற்றர், அதில் கால்வாசி அது. மிச்சமெல்லாம் வெறும் கேபிள். ஆகவே கேபிள் எங்கே போனாலும் பிரச்சினை இல்லை, நுனி நேராக இருக்க வேண்டும், எதிலும் சுற்றக் கூடாது, வெட்டவே கூடாது.

அன்டெனா தன் நுனி காட்டும் திசையில் ஏறக்குறையச் செவிடு, பக்கவாட்டில்தான் நன்றாகக் கேட்கும். ஒரே அன்டெனா என்றால் விமானம் எப்போதாவது அந்தச் செவிட்டுப் பக்கத்தை உங்களுக்குக் காட்டும். இரண்டு இருந்தால் ஒன்றை உடலின் நீளத்துக்கும் மற்றதைக் குறுக்காகவும், ஒன்றுக்கொன்று 90 பாகையில் ஒட்டிவிடுங்கள். ரெஜிஃபோமும் பால்சா மரமும் சிக்னலை மறைக்காது. கார்பன் ஃபைபர் மறைக்கும். இறக்கைக்குப் பலமாக வைத்த கார்பன் குழாயை ஒட்டி நுனியை ஓடவிட்டால் ரிசீவர் எவ்வளவு நல்லதாக இருந்தும் பயனில்லை. பற்றரி, மோட்டார், இஎஸ்சி ஆகியவற்றில் இருந்தும் இடம் இருக்கும் அளவுக்குத் தள்ளி வையுங்கள்.

ஒரு செல் பற்றரியில் பறக்கும் மைக்ரோ விமானத்துக்கு?

அது வேறு உலகம். 40 கிராம் விமானத்தில் ரிசீவர் மட்டுமே 15 கிராம் என்றால் தரையை விட்டு எழும்பாது. ஃப்ளைஸ்கை ஐஏ6பி ஏறத்தாழ அந்த எடை, அதன் தம்பி ஐஏ6 அதில் பாதிக்கும் குறைவு. மைக்ரோவுக்கென்று ரிசீவர், இஎஸ்சி, சில வேளை குட்டி சர்வோக்கள் எல்லாம் ஒரே தட்டில் வரும் ‘பிரிக்’ கிடைக்கிறது. வாங்கும்போது வோல்ட்டைப் பாருங்கள். ஒரு செல் 4.2இல் தொடங்கி 3.5 பக்கம் முடியும். 4.5 வோல்ட்டில் தொடங்கும் ரிசீவர் இதில் உயிர்க்கவே உயிர்க்காது.

பீடபிள்யூஎம், எஸ்பஸ், ஐபஸ், சிஆர்எஸ்எஃப் என்று எழுதியிருக்கிறதே?

சர்வோவை நேராகச் செருக வேண்டும் என்றால் பீடபிள்யூஎம். ஒவ்வொரு சானலுக்கும் மூன்று ஊசி வரிசையாக நிற்பதுதான் அது. மற்றவை எல்லா சானலையும் ஒரே வயரில் அனுப்புபவை, ட்ரோன் போன்றவற்றில் உள்ள கணினித் தட்டான ஃப்ளைட் கொன்ட்ரோலருக்கானவை. ஒரு கிராமுக்கும் குறைவான நகத்தளவு எக்ஸ்பிரஸ்எல்ஆர்எஸ் ரிசீவர்களைப் பார்த்து ஆசைப்பட்டு வாங்கிவிட்டு, சர்வோ எங்கே செருகுவது என்று தேடுபவர்கள் அநேகம். விமானத்துக்கு ரேடியோமாஸ்டர் இஆர்4, இஆர்6 மாதிரி ஊசி வைத்ததைக் கேளுங்கள்.

ஃபெயில்சேஃப் என்றால் என்ன? செட் பண்ணாமல் பறக்கலாமா?

கூடாது. இணைப்பு அறுந்தால் ரிசீவர் என்ன செய்ய வேண்டும் என்று முன்கூட்டியே சொல்லி வைப்பது அது. சொல்லி வைக்காவிட்டால் சில ரிசீவர்கள் கடைசிக் கட்டளையையே பிடித்துக்கொண்டிருக்கும். கடைசிக் கட்டளை முழு த்ரொட்டில் என்றால் அரைக் கிலோ விமானம் முழு வேகத்தில் யாரோ ஒருவரின் பிள்ளை விளையாடும் முற்றத்தில் போய் இறங்கும். இதில் மட்டும் சோம்பலுக்கு இடமே இல்லை.

த்ரொட்டில் பூச்சியம், எலரானும் எலிவேட்டரும் நடு, ரடர் ஒரு பக்கம் சற்றே. அப்படி வைத்தால் மெல்லச் சுற்றியபடி கிட்டவே இறங்கும். செட் செய்துவிட்டு நிற்காதீர்கள். ப்ரொபெல்லர் இல்லாமல், மோட்டாரைக் கொஞ்சம் சுற்றவிட்டு ரிமோட்டை ஆஃப் செய்து பாருங்கள். இரண்டு செக்கனுக்குள் மோட்டார் நிற்க வேண்டும். ரிசீவரைத் திரும்ப பைண்ட் செய்தால் இந்தச் சோதனையையும் திரும்பச் செய்யுங்கள்.

ஜைரோ உள்ள ரிசீவர் புதியவருக்கு நல்லதா?

விமானம் ஆடுவதை உணர்ந்து ஜைரோ தானாகவே திருத்தும். நல்லது, குறிப்பாகத் தென்மேற்குப் பருவக் காற்றுக் காலத்தில். ஆனால் திசை மாறி வைத்த ஜைரோ, இல்லாததைவிட மோசம். விமானத்தைக் கையில் பிடித்து வலது இறக்கையைச் சட்டென்று தாழ்த்துங்கள். வலது எலரான் கீழே இறங்க வேண்டும், விழும் இறக்கையை மேலே தள்ள முயல்வது போல. மூக்கை உயர்த்தினால் எலிவேட்டர் கீழே வர வேண்டும். எதிர்ப்பக்கம் போனால் ரிசீவரின் அமைப்பில் ஜைரோவைத் திருப்புங்கள், ரிமோட்டில் சர்வோவைத் திருப்பாதீர்கள்.

மாமாவின் பழைய 35 மெகாஹெர்ட்ஸ் செட் இருக்கிறது. பாவிக்கலாமா?

வேண்டாம், ஞாபகப் பொருளாக மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். அதே கிரிஸ்டல் (செட்டின் அலைவரிசையைத் தீர்மானிக்கும் துண்டு) எண்ணோடு இன்னொருவர் ஆன் செய்தால் இரண்டு விமானமும் விழும்.

எங்கே வாங்குவது? வெளிநாட்டில் இருந்து எடுப்பிக்கலாமா?

கனெக்டர், வயர், கப்பாசிட்டர், மல்டிமீட்டர் எல்லாம் புறக்கோட்டை முதலாம் குறுக்குத் தெருப் பக்கம் அலைந்தால் கிடைக்கும். ரிசீவருக்கு ஆர்சி, ரோபோட்டிக்ஸ் சாமான் விற்பவர்களைத் தேடுங்கள். வெளிநாட்டில் இருந்து ஓர்டர் செய்யும் முன், ரேடியோச் சாதனங்களுக்குத் தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவின் அனுமதி தேவையா என்று விசாரித்துக்கொள்ளுங்கள், பார்சல் சுங்கத்தில் நின்ற பிறகு ஓடித்திரிவது பெரும் அலைச்சல்.

பறப்பதற்கும் அப்படியே. ஆளில்லா விமானங்களுக்கான விதிகளைச் சிவில் விமானப் போக்குவரத்து அதிகாரசபை வகுக்கிறது. 2019 ஏப்ரல் உயிர்த்த ஞாயிறுத் தாக்குதல்களுக்குப் பிறகு எல்லா ஆளில்லா விமானங்களும் உடனடியாகத் தடை செய்யப்பட்டதை மறந்திருக்கமாட்டீர்கள். கொழும்பு அப்படிப்பட்ட நகரம். இரத்மலானையில் விமான நிலையம், கோட்டேயில் பாராளுமன்றம், சுற்றுவட்டாரத்தில் படைத் தலைமையகங்கள். காலிமுகத்திடலில் பட்டம் விடுகிறார்களே என்று விமானத்தைத் தூக்கிக்கொண்டு போகாதீர்கள். நடப்பு விதியைப் பார்த்து, இடத்துக்கு உரியவரிடம் கேட்டு, நகருக்கு வெளியே திறந்த வெளியில் பறக்கவிடுங்கள்.

கடலோரத்தில் வீடு. உப்புக் காற்று ரிசீவரைக் கெடுக்குமா?

கெடுக்கும். ஊசிகளில் பச்சை பூத்தால் அதுதான் தொடக்கம். சிலிக்கா ஜெல் பை போட்ட மூடிய டப்பாவில் வையுங்கள், மாதம் ஒரு தடவை கனெக்டர்களைக் கழற்றிச் செருகுங்கள்.

விழுந்த விமானத்தில் இருந்த ரிசீவரைத் திரும்பப் பாவிக்கலாமா?

லைட் எரிகிறது, சர்வோ ஆடுகிறது என்பதோடு விடாதீர்கள். கூட்டைத் திறந்து அன்டெனாவின் குட்டிக் கனெக்டர் கழன்றிருக்கிறதா, சோல்டர் வெடித்திருக்கிறதா என்று பாருங்கள். கழன்ற அன்டெனாவோடும் மேசைமேல் எல்லாம் ஒழுங்காகவே வேலை செய்யும், 50 மீற்றருக்கு அப்பால்தான் உண்மை தெரியும். ஆகவே ரிமோட்டை ரேஞ்ச் டெஸ்ட் மோடில் அல்லது ஆகக் குறைந்த சக்தியில் வைத்து, விமானத்தை நிலத்தில் இருந்து இடுப்பளவு உயரத்தில் ஒருவர் பிடித்திருக்க, முப்பது அடி எடுத்துவைத்துத் தள்ளிப் போங்கள். அவர் விமானத்தை எல்லாப் பக்கமும் திருப்பட்டும், நீங்கள் ஸ்டிக்கை ஆட்டிக்கொண்டிருங்கள். எந்தப் பக்கத்திலாவது சர்வோ திக்கினால் அந்த ரிசீவரை இனி பறக்கும் எதிலும் வைக்க வேண்டாம். தரையில் ஓடும் காருக்குக் கொடுத்துவிடுங்கள்.